காட்சே அணை வேன் சுற்றுலா: சுவரைக் காட்டினார்கள், சுரங்கத்தை விட்டுவிட்டார்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது மருமகள்தான் தென்னாப்பிரிக்கா நாலாபக்கமும் சூழ்ந்த குட்டி நாடான லெசோத்தோவுக்கு இந்த இரண்டு நாள் சுற்றுலாவைப் பதிவு செய்தாள். காட்சே அணை, முவேலா நீர்மின் நிலையம் இரண்டும் உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. “உங்களுக்கு அணை இருந்தால் போதுமே மாமா” என்றாள். பெரியாறு-வைகைப் பாசனத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். மறுப்பேனா? நடத்திய நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டுநர் தங்கமான மனிதர். என்னை “ந்தாதே, ந்தாதே” என்றே கூப்பிட்டார். தாத்தா என்கிறாரோ என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது. செசோத்தோ மொழியில் அப்பா, ஐயா என்று மரியாதையாம். மாஃபிகா லிசியு கணவாய் 3,090 மீட்டர் உயரம், தொட்டபெட்டாவெல்லாம் கீழே நிற்க வேண்டும். அந்த வளைவுகளில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றி இறக்கினார்.

அணை, சொன்னால் தீராது. 185 மீட்டர் உயரம், உச்சியில் 710 மீட்டர் நீளம். மேலிருந்து பார்த்தாலும் வில், பக்கவாட்டில் பார்த்தாலும் வில். நம் ஊர் அணைகள் பெரும்பாலும் தன் எடையால் தண்ணீரைத் தாங்குபவை. இது தண்ணீரின் தள்ளலை இரண்டு பக்கத்து எரிமலைப் பாறைக்கும் கைமாற்றிவிடுகிறது. சுவருக்குள்ளே இருக்கும் நடைவழியில் கான்கிரீட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் நிறைந்தால் சுமார் 69 டிஎம்சி, மேட்டூரில் முக்கால் பங்கு.

கூட வந்த ஒருவர், “பவர் ஹவுஸ் எங்கே?” என்று அணைக்குக் கீழே தேடிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. லெசோத்தோ மலைத் தண்ணீரைத் தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோகும் இந்தத் திட்டத்தின் உயிர் சுவரில் இல்லை. தண்ணீர் வெளியேறும் வழி அணையிலிருந்து தள்ளி, லெஜோனே பக்கம் ஏரிக்குள் நிற்கும் ஒரு கோபுரம். அங்கிருந்து மலைக்குள் 45 கிலோமீட்டர் சுரங்கம், முவேலாவில் 72 மெகாவாட் மின்சாரம், அப்புறம் இன்னொரு 37 கிலோமீட்டர் சுரங்கம். நிலத்தடியிலேயே நாட்டின் எல்லையைக் கடந்து தென்னாப்பிரிக்காவின் ஆஷ் ஆற்றில் விழுகிறது. பம்ப் கிடையாது, எல்லாம் வாட்டம்தான். கீழேயிருந்து பம்ப் செய்து கொண்டுபோகும் மாற்றுத் திட்டத்தைவிட எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டு, அதில் 56 சதவீதத்தைத் தென்னாப்பிரிக்கா லெசோத்தோவுக்கு உரிமைத்தொகையாகத் தருவதாக 1986 ஒப்பந்தம். தண்ணீருக்கு இப்படி விலை வைத்த ஆட்களுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அந்தக் கோபுரத்தைத் தாண்டி வேன் போய்க்கொண்டே இருந்தது. “ஐந்து நிமிஷம்” என்று கெஞ்சினேன். நேரமில்லை என்று வழிகாட்டி சொல்லிவிட்டார். தேக்கடியில் படகு சவாரி போய்விட்டு, தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வரும் மதகைப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் ஞாபகம் வந்தது. மறுநாள் காலை முவேலாவும் கிடையாது என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை.

சாப்பாடு: சைவம் என்று முன்பே எழுதியும் மூன்று வேளையும் உருளைக்கிழங்கு வறுவல்தான். வழியில் ஓட்டுநர் ஒரு சின்னக் கடையில் பாப்பாவும் மொரோஹோவும் வாங்கித் தந்தார். மக்காச்சோளக் களி, கீரை. இதற்காகவே அவருக்கு ஒரு நட்சத்திரம் கூடுதல்.

ஆதங்கம் தாங்காமல் அடுத்த ஞாயிறு மகனை இழுத்துக்கொண்டு ஆஷ் ஆற்றுக்குப் போனேன். மலைக்குள்ளிருந்து வந்த தண்ணீர் பச்சையாக, இரைச்சலோடு போய்க்கொண்டிருந்தது. சின்ன ஓடையில் இவ்வளவு தண்ணீரை விட்டதால் கரை அரித்து, அதற்கென்று தடுப்பணைகள் கட்ட வேண்டியிருந்தது. இதெல்லாம் வால் (Vaal) என்ற ஆற்றின் அணைக்குப் போய், ஜோகன்னஸ்பர்க் குழாயில் வரும். “காலையில குளிச்ச தண்ணியாப்பா இது?” என்றான் மகன். நான் அரை மணி நேரம் நகரவில்லை.

சுற்றுலாவுக்கு ஐந்துக்கு இரண்டரை. சொந்தக் காரில் போங்கள். லெசோத்தோ போய்த் திரும்ப, தென்னாப்பிரிக்க விசா பலமுறை நுழையக்கூடியதா என்று முதலில் பாருங்கள். கோடையானாலும் ஸ்வெட்டரை மறக்காதீர்கள்.