குளோசப்பா, வைடா?

மும்பை மாட்டுங்காவில் ஒரு சின்ன ஃபிளாட். லோக்கல் ரயில் போகும்போதெல்லாம் அலமாரி டம்ளர்கள் கிணுகிணுக்கின்றன. மாமா பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமலே கை நீட்டிப் பிடித்துக்கொள்கிறார். குறும்படத்தில் இதை எப்படி எடுப்பது?

குளோசப் என்றால் 85 மி.மீ. லென்ஸ், இரண்டு விநாடி, அதாவது விநாடிக்கு 24 என்ற கணக்கில் 48 பிரேம். யாரும் தவறவிட மாட்டார்கள். ஆனால் 'இதோ, சிரிங்க' என்று விலாவில் இடித்ததுபோல் ஆகிவிடும். எவர்சில்வரில் கேமராவும் தெரியும். டம்ளரை லேசாகத் திருப்பி, எதிரே வெள்ளைத் தெர்மாகோல் வைக்கணும். டேக்குக்கு டேக் டம்ளர் வரிசை மாறினால் ஷாட் ஒட்டாது, முதலிலேயே போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

வைடில், அதாவது அறையே தெரியும் ஷாட்டில், 28 மி.மீ. லென்ஸ், அதன் துவாரம் எஃப் 5.6. முன்னால் மாமி பேச, பின்னால் கை நீள்கிறது. கவனித்தவருக்கு அது தானே கண்டுபிடித்த சிரிப்பு. சிக்கல், செல்போன் திரையில் டம்ளர் கடுகளவுதான். சத்தம்தான் கைகொடுக்கும்: கிணுகிணுப்பைத் தனியாகப் பதிந்து, கை பட்டதும் சட்டென நிறுத்துங்கள். நிஜ ரயில் ஓசை வசனத்தில் கலந்தால் எடிட்டிங்கில் அல்லாட வேண்டியதுதான். ரயில் இல்லாத இடைவெளியில் வசனத்தை எடுத்து, ஓசையைப் பிறகு சேருங்கள்.

வைடுக்கே என் ஓட்டு. அந்த டம்ளர் கதையைத் திருப்பப்போகிறது என்றால் மட்டும் ஒரே ஒரு குளோசப், அதுவும் மூன்றாவது முறை ரயில் போகும்போது.