கூகுள் ஆட்சென்ஸ்: மோட்டார் கடையிலிருந்து மூன்று வருஷ அனுபவம்

உடுமலைப்பேட்டையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். போர்வெல் மோட்டார், ஓப்பன்வெல் மோட்டார், மோனோபிளாக், எது எரிந்தாலும் என் மேஜைக்கு வரும். ராத்திரி கடை சாத்திய பிறகு ஒரு மணி நேரம் என் வெப்சைட்டில் எழுதுவேன். அதில் கூகுள் ஆட்சென்ஸ் விளம்பரம் ஓடுகிறது. கடைக்கு வருகிற பையன்கள் "அண்ணா, வெப்சைட்ல நெசமாவே காசு வருதுங்களா?" என்று கேட்பார்கள். அவர்களிடம் சொல்வதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. 2022 ஜூலையில் ஆட்சென்ஸ் அனுமதி கிடைத்தது. முதல் மாத வருமானம் 41 சென்ட், நம்ம காசுக்கு முப்பத்திச் சொச்சம் ரூபாய். முதல் தடவை பணம் வங்கிக்கு வந்தது 2023 ஜூனில்தான். 112 டாலர், வங்கிக் கட்டணம் போகக் கையில் சேர்ந்தது 8,900 ரூபாய் சொச்சம். 2024 டிசம்பர் வரை மொத்தம் ஆறு தடவை வந்திருக்கிறது. கூட்டிப் பார்த்தால் 52,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. மகளின் கல்லூரி பஸ் கட்டணத்துக்கு உதவுகிறது. எனக்கு இது நிறைவாக இருக்கிறது. ஆனால் அடுத்த மாத வாடகைக்கு வழி தேடுகிறவர் இதை நம்பி இறங்க வேண்டாம்.

ஆட்சென்ஸ் என்பது என்னவென்று தெரியாதவர்களுக்காக: கூகுள் 2003-ல் தொடங்கிய சேவை. நம் பக்கத்தில் காலி இடம் கொடுத்தால் விளம்பரங்களை அதுவே பிடித்துப் போடும். விளம்பரம் கொடுப்பவர்களுக்குள் ஏலம் நடக்கும், ஜெயித்தவர் விளம்பரம் தெரியும், வருகிற பணத்தில் நமக்குப் பங்கு. விளம்பரதாரர் கூகுளின் சொந்த விளம்பரச் சேவை வழியாக 100 ரூபாய் செலவழித்தால் சராசரியாக 68 ரூபாய் தளம் வைத்திருப்பவருக்கு வரும் என்பது அவர்களே வெளியிட்ட கணக்கு. முன்பு பெரும்பாலும் தட்டினால்தான் காசு. 2024 தொடக்கத்திலிருந்து விளம்பரம் கண்ணில் படுவதற்கே காசு என்று மாற்றினார்கள். இந்தி தளங்களுக்கு 2014-லேயே கதவு திறந்தது. தமிழுக்கு 2018 பிப்ரவரியில். அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதிக்கொண்டிருந்தவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

சேர ஒரு பைசா கட்டணம் கிடையாது. 18 வயது ஆகியிருக்க வேண்டும், தளம் நம்முடையதாக இருக்க வேண்டும். யூடியூபில் விளம்பர வருமானம் வர 1,000 சந்தாதாரர்கள், 4,000 மணி நேரப் பார்வை என்று வரம்பு இருக்கிறது. வெப்சைட்டுக்கு இத்தனை பேர் வந்திருக்க வேண்டும் என்ற எண்ணிக்கையே கிடையாது. கேமரா முன்னால் நிற்கக் கூச்சப்படுகிற என்னைப் போன்றவர்களுக்கு இது பெரிய உதவி.

நான் தொடங்கிய விதம் தப்பு. 2021 கடைசியில் ஒரு ஓட்டல் ஹாலில் நடந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு 4,999 ரூபாய் கட்டிப் போனேன். "மாசம் ஐம்பதாயிரம்" என்று பேனர் கட்டியிருந்தார்கள். மற்றவர்களின் கட்டுரையை எடுத்து வார்த்தைகளை மாற்றிப் போடுவதைத்தான் பாதி நாள் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே ஒரு ஹோஸ்டிங் கம்பெனியையும் (வெப்சைட்டை வைக்க இணையத்தில் இடம் வாடகைக்குத் தருகிறவர்கள்) கைகாட்டினார்கள். முதல் வருஷத்துக்கு மலிவு விலை. புதுப்பிக்க மூன்று மடங்கு என்பது பிறகுதான் தெரிந்தது. நான் மொபைல் போன் செய்தி, சினிமாச் செய்தி என்று நாற்பது பக்கம் போட்டு விண்ணப்பித்தேன். "உள்ளடக்கத்துக்கு மதிப்புக் குறைவு" என்று திரும்பி வந்தது. அன்று கோபம் வந்தது. இன்று அந்தப் பக்கங்களை நானே படித்தால், அதைத் தவிர வேறு பதில் இருக்க முடியாது என்று தெரிகிறது. அந்த போன்களில் ஒன்றைக்கூட நான் கையில் தொட்டதில்லை.

வழி காட்டியது என் மகள். "ஏனுங்கப்பா, கடைக்கு வர்றவங்க தெனமும் உங்ககிட்ட கேக்கறதை எழுதலாமில்லீங்க?" என்றாள். அந்த நாற்பதையும் அழித்தேன். ஹோஸ்டிங்கை விட்டுவிட்டு கூகுளின் பிளாக்கருக்கு மாறினேன். எழுதிப் போடவும் இடமும் தருகிற பிளாக்கர் இலவசம். சொந்த டொமைனை, அதாவது தளத்தின் இணையப் பெயரை, அதில் இணைத்துக்கொள்ளலாம், ஆகவே வருஷத்துக்கு டொமைன் செலவு மட்டும்தான். தோற்றம் பழசாக இருக்கிறது, வெப்சைட் கட்டப் பலர் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் அளவுக்கு வசதி இல்லை. இருந்தாலும் தொடக்கத்தில் இதுவே போதும் என்பது என் உறுதியான எண்ணம். காசு வருமா என்று தெரியாத ஒன்றுக்கு மாதச் செலவு வைத்துக்கொண்டால் மூன்றாம் மாதமே மனசு விட்டுப்போகும்.

நான் எழுதிய முதல் உருப்படியான பக்கம் "மோட்டார் ஓடுது, தண்ணி வரல" என்பது. கடையில் அதிகம் கேட்கிற வார்த்தை இதுதான், அதையே தலைப்பாக வைத்தேன். நீர்மட்டம் இறங்கியிருக்கலாம், பைப் ஜாயின்ட்டில் ஓட்டை விழுந்திருக்கலாம். மூன்று ஃபேஸ் மோட்டாராக இருந்தால் ஒயர் மாறியிருக்கலாம். இரண்டு ஃபேஸ் ஒயர் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்; ஓடுகிற சத்தம் கேட்கும், தண்ணீர் ஏறாது. டிரான்ஸ்ஃபார்மர் வேலை முடிந்த மறுநாள் இதற்காகவே நாலு பேர் மோட்டாரைத் தூக்கச் சொல்லி வருவார்கள். போர்வெல் மோட்டாரைத் தூக்கி இறக்குவது ஆயிரக்கணக்கில் செலவு. மெயினை இறக்கிவிட்டு ஒயர்மேனை வைத்து இரண்டு ஒயரை மாற்றிப் போட்டால் தீர்ந்துவிடும் என்று பெரிய எழுத்தில் எழுதி, என் கடை பேனல் போர்டையே படம் எடுத்துப் போட்டேன். இன்றைக்கும் என் வருமானத்தில் கால் பங்கு அந்த ஒரே பக்கத்திலிருந்து வருகிறது.

இப்படி 22 பக்கம் சேர்ந்ததும் மறுபடி விண்ணப்பித்தேன். பதினோராம் நாள் அனுமதி வந்தது. 'எங்களைப் பற்றி', 'தொடர்புக்கு', தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று பக்கங்களையும் இந்த முறை ஒழுங்காக வைத்திருந்தேன். நம் தளத்தில் யார் விளம்பரம் விற்கலாம் என்று காட்டும் ஆட்ஸ் டாட் டெக்ஸ்ட் (ads.txt) என்று ஒரு வரியை ஆட்சென்ஸ் கேட்கும். பிளாக்கர் செட்டிங்ஸில் ஒட்டினால் முடிந்தது.

கூடவே சர்ச் கன்சோல் என்ற இலவசக் கருவியையும் போட்டுக்கொள்ளுங்கள். ஜனங்கள் எந்த வார்த்தையைத் தேடி நம் பக்கத்துக்கு வருகிறார்கள் என்று அது காட்டும். எனக்குக் கண் திறந்தது அதில்தான். பாதிப் பேர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். இன்னும் பலர் போனில் பேசியே தேடுகிறார்கள் என்பது வார்த்தைகளைப் பார்த்தாலே தெரிகிறது. "நீர்மூழ்கி மோட்டார்" என்று ஒருவர்கூடத் தேடவில்லை. "போர் மோட்டார்", "கப்பாசிட்டர் போயிருச்சு", "ஸ்டார்ட்டர் நிக்க மாட்டேங்குது" என்றுதான் வருகிறது. பாடப்புத்தகத் தமிழில் எழுதியிருந்த ஏழெட்டுத் தலைப்பை மாற்றினேன், இரண்டு மாதத்தில் வருகை கண்ணுக்குத் தெரிகிற அளவு கூடியது.

வருமானத்துக்கும் பருவம் உண்டு. மாசியில் ஏற ஆரம்பித்து பங்குனி, சித்திரையில் உச்சத்துக்குப் போகும். கிணறு வற்றுகிற காலம், மோட்டார் எரிகிற காலம். பம்ப் கம்பெனிகளும் சோலார் பம்ப் விற்பவர்களும் அப்போது விளம்பரம் அதிகம் கொடுப்பார்கள். நல்ல சித்திரையில் ஆயிரம் பார்வைக்கு ஒரு டாலரை நெருங்கும். ஐப்பசி மழையில் 30 சென்ட்டுக்கு இறங்கிவிடும், பார்வையும் பாதியாகும். உங்கள் துறைக்கு எது சீசன் என்று தெரிந்துகொண்டு, இரண்டு மாதம் முன்னாடியே எழுதி வையுங்கள். சீசன் அன்று எழுதினால் தேடலில் மேலே வருவதற்குள் சீசன் முடிந்துவிடும்.

பணம் கைக்கு வருகிற பாதை நீளம். 10 டாலர் சேர்ந்ததும் நம் முகவரியைச் சரிபார்க்க ஆறு இலக்க பின் எண்ணைத் தபாலில் அனுப்புவார்கள். பதிவுத் தபால் இல்லை, சாதாரணத் தபால். நான்கு மாதத்துக்குள் அந்த எண்ணைப் பதியாவிட்டால் விளம்பரம் நின்றுவிடும். நான் பழைய கதவு எண்ணைப் போட்டுவிட்டேன், முதல் கடிதம் வரவே இல்லை. முகவரியைத் திருத்தி மறுபடி கேட்டதும் 23 நாளில் வந்தது. தபால்காரருக்குத் தெரிந்த மாதிரி முகவரி எழுதுங்கள். கடைப் பெயர், பக்கத்துக் கோயில் எல்லாம் சேர்த்து.

100 டாலர் தாண்டினால்தான் பணம் அனுப்புவார்கள். தாண்டிய மாதத்துக்கு அடுத்த மாதம் 21-லிருந்து 26-க்குள் கிளம்பும். வெளிநாட்டுப் பணமாக வருவதால் வங்கியை வெளிநாட்டுக்கு அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் கோடு வேண்டும். என் கிளைக்குத் தனியாக அந்தக் கோடு இல்லை. பெரிய கிளையின் கோடைக் கேட்டு வாங்கினேன். முதல் தடவை "இது என்ன பணம்?" என்று அழைத்துக் கேட்டார்கள். விளம்பர வருமானம் என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டதும் வரவு வைத்தார்கள். வெளிநாட்டுப் பணத்துக்கு எவ்வளவு கட்டணம் பிடிப்பார்கள் என்பதை முன்னாடியே விசாரித்துவிடுங்கள், வங்கிக்கு வங்கி மாறுகிறது. வருமான வரிக் கணக்கிலும் இதைக் காட்ட வேண்டும். என் ஆடிட்டர் கடை வருமானத்தோடு சேர்த்துக் காட்டிவிடுகிறார்.

விளம்பரங்களின் தரம் பற்றிச் சொல்லியாக வேண்டும். 'ஆட்டோ ஆட்ஸ்' என்ற பொத்தானைப் போட்டுவிட்டால் எங்கே எத்தனை விளம்பரம் என்று அதுவே முடிவு செய்யும். பக்கம் மாறும்போது திரை முழுக்க ஒன்று, அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று, பத்திக்குப் பத்தி ஒன்று. வருமானம் கூடும், உண்மைதான். என் பக்கத்தைப் படிப்பவர் யார் என்று நினைத்துப் பார்த்தேன். வெயிலில் மோட்டார் ரூம் வாசலில் நிற்கிற ஒரு விவசாயி. பயிர் காய்கிறது, போனில் சார்ஜ் குறைவு. அவர் முன்னால் திரை முழுக்க விளம்பரத்தை நிறுத்த எனக்கு மனசு வரவில்லை. திரையை மறைக்கிற வகையை அணைத்துவிட்டேன். பதிலைச் சொல்லி முடித்த பிறகுதான் முதல் விளம்பரம். மாதத்துக்கு ஐந்தாறு டாலர் குறைகிறது, குறையட்டும்.

எந்த வகை விளம்பரம் வரக்கூடாது என்று தடுக்கவும் வசதி இருக்கிறது. சீக்கிரம் பணக்காரர் ஆகலாம் என்கிற வகை, ஜோதிடம், சூதாட்டம் மூன்றையும் அணைத்திருக்கிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் முதல் நாளே இந்தப் பக்கத்துக்குப் போங்கள். நம்மை நம்பி வந்தவர் நம் பக்கம் வழியாகப் போய் ஏமாறக் கூடாது.

இன்னொன்று. நம் விளம்பரத்தை நாமே தட்டக் கூடாது, யாரையும் தட்டச் சொல்லவும் கூடாது. என் அக்கா மகன் பாசத்தில் கடையில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கத் தட்டியிருக்கிறான். மாதக் கணக்கு முடிக்கும்போது அந்தத் தொகையைக் கழித்துவிட்டார்கள், அது நியாயம். அவனுக்குப் புரியவைத்தேன், பிறகு செய்யவில்லை. "நான் உன்னோடதைத் தட்டுறேன், நீ என்னோடதைத் தட்டு" என்று வாட்ஸாப் குழுக்கள் இருக்கின்றன. போகவே போகாதீர்கள். கணக்கை மூடிவிட்டால் திரும்பப் பெறுவது கடினம், இன்னொரு கணக்கு தொடங்கவும் விதி இடம் கொடுக்காது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் நான்கு தருவேன். வரம்பு தாண்டினால் சரியாகப் பணம் வருகிறது, கணக்கு தெளிவாக இருக்கிறது, சேரச் செலவில்லை. ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் 100 டாலர் வரம்பு. தமிழில் எழுதும் சின்னத் தளத்துக்கு அது பத்துப் பன்னிரண்டு மாதக் காத்திருப்பு. அதற்குள் பாதிப் பேர் எழுதுவதை நிறுத்திவிடுகிறார்கள். அதில் நல்ல கைத்தொழில் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

தையல் தெரிந்தவர், மாட்டு வைத்தியம் தெரிந்தவர், பத்திர எழுத்தர், அரசு விண்ணப்பம் நிரப்பித் தருகிறவர், இவர்களிடம் தினமும் ஜனங்கள் கேள்வி கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை ஒரு மாதம் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். முப்பது கேள்வி சேர்ந்த பிறகு டொமைன் வாங்கினால் போதும். என் நோட்டு இன்னும் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. நேற்று அதில் எழுதியது: "சிங்கிள் ஃபேஸ்ல ஓடற மோட்டார் காலையில மட்டும் ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது." கேட்டவர் மடத்துக்குளத்துக்காரர். வோல்டேஜ் பார்க்கச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர் வந்து சொன்னதும் அதுதான் அடுத்த பக்கம்.