ஆற்றங்கரை வயலா, மானூர்ப் புஞ்சையா: ஓய்வுபெற்ற குதிரைகளுக்கு எந்த நிலம்?

ஓடி ஓய்ந்த குதிரைகளுக்கும் கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் சிறிய காப்பகம் ஒன்றைத் தொடங்க வேண்டுமென்று திருநெல்வேலிச் சீமையில் யார் நினைத்தாலும், பேச்சு முதலில் வந்து நிற்பது நிலத்தில்தான். ஒரு பக்கம் சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரத்து வாய்க்கால் பாசன வயலும் தென்னந்தோப்பும். மறுபக்கம் மானூர்ப் பக்கத்து மானாவாரிச் செம்மண் புஞ்சை. கேட்பவர்கள் எல்லாரும் ஆற்றங்கரையைத்தான் கைகாட்டுவார்கள். குதிரைக்குப் புல் வேண்டும், புல்லுக்குத் தண்ணீர் வேண்டும், தாமிரபரணியோ வற்றாத ஆறு என்பது அவர்கள் கணக்கு. நாங்களும் அந்தக் கணக்கை நம்பித்தான் ஆறு குதிரைகளை வாய்க்கால் கரைத் தோப்பு ஒன்றில் கட்டினோம். சாரட்டு இழுத்து ஓய்ந்தவை மூன்று, எல்கைப் பந்தயத்தில் முழங்கால் போனவை இரண்டு, எலும்பும் தோலுமாகச் சாலையோரம் நின்ற மட்டக்குதிரை ஒன்று. பின்னர் எஞ்சியவற்றைப் புஞ்சைக்கு மாற்றினோம் என்பதால், இரண்டு நிலங்களையும் பார்த்தவன் என்ற அளவில் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

தீனியில் ஆற்றங்கரைக்குத்தான் முதலிடம் என்பதை மறுக்க முடியாது. 350 கிலோ எடையுள்ள குதிரை ஒன்றுக்கு, உலர்ந்த எடையில் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 5 முதல் 7 கிலோ தீவனம் தேவைப்படும். ஆறு குதிரைகளுக்கு மாதம் சுமார் ஒரு டன் ஆகும். கார், பிசானம் என இரு போகம் விளையும் ஊரில் வைக்கோலுக்குப் பஞ்சமில்லை, வரப்பில் அருகம்புல் கிடைக்கிறது, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்லான கோ-4 ஒரு முறை நட்டால் அறுத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் மாட்டுக்கு நல்லதெல்லாம் குதிரைக்கும் நல்லது என்று எண்ணுவதில்தான் இந்த வட்டாரத்தின் பெரிய தவறு இருக்கிறது. நேப்பியர் வகைப் புல்லில் ஆக்சலேட் என்ற உப்பு மிகுதி. மாட்டின் முதல் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்துவிடும். குதிரையின் குடலிலோ அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. மாதக்கணக்கில் அதையே தின்ற குதிரை, குறைந்த சுண்ணாம்பைத் தன் எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முகத்தின் எலும்பு வீங்கும், பற்கள் ஆடும், காரணம் தெரியாமல் கால் நொண்டும். இதோடு மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த அரிசித் தவிட்டையும் தினம் கலந்து வைத்தால் கேடு இரட்டிப்பாகும். ஆற்றங்கரையில் தவிடு மலிவு என்பதால் அதுதான் நடக்கிறது.

புஞ்சைக்காரர்கள் இதைப் படித்து மகிழ்ந்துவிட வேண்டாம். மானாவாரி நிலத்தில் விதைக்கச் சொல்லும் கொழுக்கட்டைப் புல்லிலும் அதே ஆக்சலேட் உண்டு. அங்கு விதைக்கும் சோளத்தைப் பச்சையாக மேயவிட்டால் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால்கள் தள்ளாடத் தொடங்கும். வேலியோரச் சவுண்டல் (சூபாபுல்) தழையைத் தொடர்ந்து தின்ற குதிரைக்குப் பிடரிமயிரும் வால்மயிரும் கொட்டும். எந்த நிலமானாலும் மாற்று ஒன்றுதான்: அருகம்புல்லையோ நன்கு காய்ந்த சோளத்தட்டையையோ அடிப்படைத் தீனியாக வைத்து, சுண்ணாம்புச் சத்துள்ள குதிரைமசாலை அதனுடன் சேர்ப்பது. பெயரிலேயே குதிரையை வைத்திருக்கும் அந்தப் பயிர், வேரில் தண்ணீர் நின்றால் அழுகிவிடும் என்பதால், வயலைவிட வடிகால் உள்ள செம்மண்ணில் கிணற்றுப் பாசனத்தில் நன்றாக வருகிறது. காணம் என்கிற கொள்ளு புஞ்சைப் பயிர். ஊறவைத்து அவித்துக் கொஞ்சமாக வைத்தால் போதும், வேலை செய்யாத கிழக்குதிரைக்கு அது பிரதான உணவாகக் கூடாது. பட்டினியில் வந்த குதிரைக்கு முதல் சில நாட்களில் தானியம் எதையும் வைக்கக் கூடாது. எலும்பு தெரிகிறதே என்று பரிதாபப்பட்டுக் காணத்தை அள்ளி வைப்பது அதன் உயிரையே எடுத்துவிடலாம். சிறிது சிறிதாகப் பல வேளை குதிரைமசாலைக் கொடுப்பதே பாதுகாப்பு.

இரு நிலங்களும் உண்மையில் பிரியும் இடம் தீனியன்று, தரை. வேலை செய்யும் குதிரை நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஓய்வுபெற்ற குதிரையோ நாள் முழுதும் நின்றுகொண்டேயிருக்கிறது. வாய்க்கால் கரையில் ஐப்பசி, கார்த்திகையில் தொழுவத்தைச் சுற்றிச் சேறு காய்வதேயில்லை. குளம்பின் அடியில் உள்ள மென்பகுதி ஊறி, கருத்து, நாற்றம் எடுத்து அழுகத் தொடங்குகிறது. எங்கள் ஆறு குதிரைகளில் நான்கிற்கு முதல் மழைக்காலத்திலேயே இது வந்தது. தினமும் இரு வேளை குளம்பைத் தூக்கிச் சுரண்டி, கழுவி, மருந்து வைத்து, மீண்டும் அதே சேற்றில் இறக்கிவிடுவதென்பது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை. சரள் கலந்த புஞ்சையில் மழை ஓய்ந்த சிறிது நேரத்தில் தரை காய்ந்துவிடுகிறது. லாடம் கழற்றிய குளம்பு அங்கு தானாகவே ஓரளவு தேய்ந்து வடிவம் பெறுகிறது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒரு முறை சீவ வேண்டியது இரு இடங்களுக்கும் பொது. காளைக்கு லாடம் கட்டுபவரிடம் இதை ஒப்படைக்க வேண்டாம். பிளவுபட்ட குளம்பில் பழகிய கைக்கு ஒற்றைக் குளம்பின் கணக்கு பிடிபடுவதில்லை. புல்லை லோடு வண்டியில் ஏற்றிப் புஞ்சைக்குக் கொண்டுவரலாம், காய்ந்த தரையை வயலுக்குக் கொண்டுபோக வழியில்லை என்பதை நாங்கள் உணர இரண்டு பிசானம் ஆயிற்று.

ஈயும் அப்படித்தான். ஈரச் சேற்றில் பெருகும் கடியீக்கள் மாட்டிலிருந்து குதிரைக்குச் சர்ரா நோயைக் கடத்துகின்றன. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வெளிறிய ஈறு, அடிவயிற்றிலும் கால்களிலும் வீக்கம் எனத் தொடங்கும் இந்நோய், கவனிக்காமல் விட்டால் குதிரையைக் கொன்றுவிடும். காய்ச்சல் கண்டவுடன் இரத்தத் துளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். வெள்ளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி என்ன செய்தது என்பதை இங்கு யாரும் மறக்கவில்லை. முழங்கால் போன குதிரையை நள்ளிரவில் மேட்டுக்கு நடத்திச் செல்வது எளிதன்று.

புஞ்சையின் குறைகளையும் மறைக்கக் கூடாது. முதல் குறை முள். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்காமல் குதிரையை இறக்கினால் குளம்படியில் முள் ஏறிச் சீழ் வைப்பது நிச்சயம். அதன் இனிப்பான நெற்றுகளை அதிகமாகத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். இரண்டாவது தண்ணீர். சும்மா நிற்கும் குதிரையே 30 லிட்டர் வரை குடிக்கும், சித்திரை வெயிலில் அதைவிட மிகுதியாக வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீர் கரித்தால் குதிரை குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும், தண்ணீர் குறைந்தால் வயிற்றுவலி வரும். நிலத்தின் விலையைப் பேசுவதற்கு முன்பே தண்ணீரைச் சோதித்துவிடுவது நல்லது. மூன்றாவது நிழல். வேம்பும் புங்கையும் வளரும்வரை உயரமான பனையோலைக் கொட்டகைதான் வழி. தகரம் வேண்டாம்.

ராதாபுரம், திசையன்விளைப் பக்கத்து மணல் விளைகள் மலிவு என்று சிலர் சொல்வார்கள். தரையில் போட்ட தீனியோடு மணலையும் தின்று குடலில் சேர்த்துக்கொள்ளும் விலங்குக்கு அந்த நிலம் வேண்டாம் என்பதோடு முடித்துக்கொள்கிறேன். அந்தக் கடற்கரைக்கும் குதிரைக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பொருநை என்னும் தாமிரபரணி கடலில் சேரும் காயல் துறையில் அரபு, பாரசீகக் குதிரைகள் வந்திறங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பார்த்த மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் வாங்கப்பட்டதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை ஆண்டு முடிவதற்குள் மடிந்ததையும், சோற்றோடு இறைச்சியைச் சமைத்துத் தீனியாகப் போட்டதையும் எழுதிவைத்திருக்கிறார்.

மருத்துவ வசதியிலும் தராசு மானூர்ப் பக்கமே சாய்கிறது. ராமையன்பட்டியில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் மானூரும் ஒரே சங்கரன்கோவில் சாலையில் இருக்கின்றன. சேரன்மகாதேவியிலிருந்து வருபவர் பேட்டையையும் டவுன் நெரிசலையும் கடக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால், குடல் முறுக்கிக்கொண்டு அது புரளும் இரவில் அந்த அரைமணி நேரம் பெரிது. மேலும், புஞ்சையில் இடம் தாராளம். புதிதாக வரும் குதிரையைத் தனியே கட்டிவைத்து, கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை மற்றவற்றோடு சேர்க்காமல் இருக்க அங்கே இயலும். மனிதருக்கும் தொற்றும் அந்நோய் உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வது 2009ஆம் ஆண்டின் கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டப்படி கட்டாயம். ஆறு குதிரைகளும் ஒரே தோப்பில் நெருக்கியடித்து நின்ற நாட்களை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆகவே எங்கள் ஏற்பாடு இதுதான்: குதிரைகள் புஞ்சையில், அருகம்புல் ஆற்றங்கரைத் தோப்பிலிருந்து வாரம் மூன்று நடை. வண்டி வாடகை கையைக் கடிக்கத்தான் செய்கிறது. முள்கம்பிக்குப் பதிலாகப் பனஞ்சட்டத்தைக் குறுக்கே அடித்து வேலி கட்டியதில் காயங்கள் நின்றன. பல் தேய்ந்த கிழக்குதிரைக்குப் புல்லைப் பொடியாக நறுக்கி ஊறவைத்துக் கொடுக்கிறோம்.

தொடங்கும்போது யாரும் பேச விரும்பாத கணக்கு ஒன்று மீதமிருக்கிறது. காப்பகத்துக்கு வரும் குதிரை அங்கேயேதான் சாகும். 350 கிலோ உடலைப் புதைக்க ஆறடிக்குக் குறையாத குழி வேண்டும். வாய்க்கால் கரையில் நாலடி தோண்டுவதற்குள் ஊற்று பொங்கிக் குழி நிறைந்துவிட்டது. அங்கே இறந்த மட்டக்குதிரையைத் தார்ப்பாயில் மூடி வைத்துவிட்டு, மேட்டுநிலம் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியிடம் இடம் கேட்டு அலைந்தோம். புஞ்சையில் ஜேசிபிக்குக் கூலி கூடுதலாகக் கேட்கிறார்கள், சரள் கெட்டியாக இருக்கிறது. கிணற்றுக்கு வெகு தொலைவில், வடகோடியில், அதற்கென்று பத்துச் சென்ட் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.