ஷெட் போடும் முன் பைப்பை எடை போட்டுப் பாருங்கள்

உடுமலைப்பேட்டைப் பக்கம் எங்கள் வீட்டுக் கொல்லையில் மரவேலைக்கென்று ஒரு சின்னப் பட்டறை போட்டேன். 12க்கு 16 அடி. இரும்புத் தூண், மேலே கலர் ஷீட், உள்ளே ரம்ப மெஷின், பிளேனர், ஒரு வேலை மேசை. இதில் ஷெட் போட்டவரும் ஏமாற்றினார், மெஷின் விற்றவரும் ஏமாற்றினார். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஷெட். தூணுக்கு 2 இஞ்ச் சதுர பைப், 2 எம்எம் தடிமன், மேலே 0.50 எம்எம் ஷீட் என்று பேசினோம். அவரே வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினார், சதுர அடிக்கு இவ்வளவு என்று ரேட். வேலை மளமளவென்று முடிந்தது. பைப்பெல்லாம் பெயின்ட் அடித்தே வந்து இறங்கின. திறந்த முனைகள் எல்லாவற்றிலும் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடிவிட்டார்கள். பார்க்க அவ்வளவு நேர்த்தி. கடைசித் தவணையையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்புறம் கிளாம்ப் மாட்ட ஒரு தூணில் ஓட்டை போட்டேன். டிரில் பிட் வைத்த வேகத்தில் உள்ளே போய்விட்டது. 2 எம்எம் இரும்பு அப்படி வழிவிடாது. முனைகளெல்லாம் மூடியிருந்ததால், தடிமன் அளக்கும் வெர்னியர் கருவியால் அந்த ஓட்டையின் விளிம்பை அளந்து பார்த்தேன். பெயின்டோடு சேர்த்தே 1.3 எம்எம்தான் வந்தது. அதாவது அது 1.2 எம்எம் பைப். அடுத்த தூணிலும் அதே கதை.

போன் செய்தால் அவர் பதறவே இல்லை. “ஒண்ணும் ஆகாதுங்க, நம்ம ஊர்ல எல்லாரும் இதைத்தானுங்க போடறாங்க” என்றார். 2 எம்எம் என்று எழுதிக் கொடுத்தீர்களே என்று கேட்டதற்கு, “மார்க்கெட்ல 2 எம்எம்னா இதுதானுங்க” என்று பதில். அதற்குப் பிறகு போனை எடுக்கவே இல்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் பழமொழி இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக வந்து இறங்கும் ஊர் இது. சுற்றிலும் காற்றாலை நிற்பதே அதனால்தான். பக்கம் திறந்த ஷெட்டுக்குள் காற்று புகுந்தால் கூரையை மேல்நோக்கித் தூக்கும். ரம்பம் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் அடியில் நிற்கிற ஆள் நான். அதனால்தான் இந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி தராசு. பைப் ஒரு லெங்த் 6 மீட்டர், சுமார் 20 அடி. 50க்கு 50 எம்எம், அதாவது 2 இஞ்ச் சதுர பைப்பில் தடிமன் 2 எம்எம் என்றால் ஒரு லெங்த் ஏறக்குறைய 18 கிலோ வரும். 1.6 எம்எம் என்றால் பதினான்கரை கிலோ. 1.2 எம்எம் என்றால் 11 கிலோதான். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், ஆனால் 18க்கும் 11க்கும் நடுவில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. பைப் வந்து இறங்கியதும், வெட்டுவதற்கு முன், ஒன்றைத் தூக்கித் தராசில் வையுங்கள். சில பட்டறைகளில் கேஜ் கணக்கில் பேசுவார்கள். அதில் எண் கூடக்கூடத் தடிமன் குறையும்: 14 கேஜ் 2 எம்எம், 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2. “18 போடறேங்க” என்றால் பெரிய எண் என்று சந்தோஷப்பட வேண்டாம்.

ரேட் பேசும் விதத்திலும் விஷயம் இருக்கிறது. சதுர அடி ரேட்டில் இரும்பு குறையக் குறைய அவருக்கு லாபம். கிலோ ரேட்டில் தேவைக்கு மேல் இரும்பை ஏற்றப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் கிலோ ரேட்டே மேல். எடை மேடைச் சீட்டு கையில் இருக்கும், கூடுதல் இரும்பால் யாரும் சாகப் போவதில்லை. ஷீட்டுக்கு அடிப்பக்கத்தைப் பாருங்கள். நல்ல கம்பெனி ஷீட்டில் பெயரும் தடிமனும் அச்சிட்டிருக்கும். அந்தத் தடிமன் பெயின்டும் பூச்சும் சேர்த்தா, வெறும் இரும்பு மட்டுமா என்பதையும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

மெஷின் விஷயம் சுருக்கமாக. 2 எச்பி, முழுக்க காப்பர் வைண்டிங் (உள்ளே சுற்றிய கம்பி முழுக்கச் செம்பு) என்று சொல்லி விற்ற மோட்டார், இரண்டு இஞ்ச் வேப்பம் பலகைக்கே கை வைக்க முடியாதபடி சுட்டது. வைண்டிங் கடையில் மூடியைக் கழற்றி, கம்பியின் மேல் பூச்சை பிளேடால் சுரண்டினார்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை. அலுமினியம். அதே தடிமனுள்ள கம்பியில் அலுமினியத்துக்கு மின்தடை காப்பரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல். அதற்கேற்பத் தடிமனான கம்பி போட்டுச் செய்தால் அலுமினிய மோட்டாரும் ஓடும்தான். காப்பர் விலை வாங்கிக்கொண்டு இதைத் தருவது திருட்டு. கடைக்காரர் சொன்ன பதில் இன்னும் மோசம்: “மோட்டாரைப் பிரிச்சுட்டீங்க, வாரண்டி போச்சுங்க.” ஆகவே பில்லிலேயே எச்பி, காப்பர் வைண்டிங், மோட்டாரின் சீரியல் நம்பர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.

இப்போது வேறொரு வெல்டரை வைத்து ஒவ்வொரு தூணோடும் நிஜமான 2 எம்எம் பைப் ஒன்றைச் சேர்த்து, மூலைகளில் குறுக்குச் சட்டமும் அடித்திருக்கிறேன். பைப் வந்ததும் அவரே தராசு கேட்டு வாங்கி எடை போட்டுக் காட்டினார். வாட்ஸ்அப் கொட்டேஷன், ஓட்டையில் வெர்னியர் வைத்து எடுத்த போட்டோ, பணம் அனுப்பிய ரசீது எல்லாவற்றையும் வைத்து ஷெட் போட்டவருக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். பிரச்சினை எழுந்ததிலிருந்து 2 வருடத்துக்குள் அங்கே போக வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். மெஷின் கடை மேல் அங்கேதான் பதிந்திருக்கிறேன்.