16 அவுன்ஸ், 7 அவுன்ஸ், 4 அவுன்ஸ்: மூன்று ஜோடி கிளவுஸ், இரண்டு ஆட்டம்

வியாசர்பாடிப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் மாலை வகுப்புகளில் மாஸ்டருக்குக் கைகொடுத்து வருகிறேன். தளத்தில் பாதி ரிங், மீதி பாய். ரிங்கில் குத்துச்சண்டை, பாயில் எம்.எம்.ஏ., அதாவது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த ஆட்டம். புதிதாகச் சேருகிற பிள்ளைகள் முதல் வாரத்திலேயே இரண்டு கேள்வி கேட்டுவிடுவார்கள். "அண்ணா, பாக்ஸிங் பெருசா, எம்.எம்.ஏ. பெருசா?" அப்புறம், "எந்த கிளவுஸ் வாங்கணும்?" முதல் கேள்விக்கு விடிய விடிய வாதாடலாம். இரண்டாவதற்குச் சரியாகப் பதில் சொன்னால் முதலாவதும் பெருமளவு தெளிந்துவிடும் என்பது என் கட்சி. இந்த இரண்டு ஆட்டத்தின் குணத்தையும் பாதிக்கு மேல் தீர்மானிப்பது கையில் மாட்டுகிற அந்தப் பொருள்தான்.

இங்கே எழுதப்போவது மூன்று ஜோடியைப் பற்றி. ஒன்று, ஜலந்தரில் தைத்த 16 அவுன்ஸ் தோல் பாக்ஸிங் கிளவுஸ், வெல்க்ரோ பட்டி வைத்தது. இரண்டாவது, விரல் திறந்த 7 அவுன்ஸ் எம்.எம்.ஏ. ஸ்பாரிங் (கூட்டாளியோடு மோதிப் பழகுவது) கிளவுஸ், ரெக்சின். மூன்றாவது, எம்.எம்.ஏ. போட்டிக்குப் போடுகிற 4 அவுன்ஸ். மூன்றும் பெரியமேட்டில் நேரு ஸ்டேடியம் பக்கத்துக் கடைகளில் வாங்கியவை. போன மழைக்காலத்திலிருந்து மாறி மாறிக் கையில் இருக்கின்றன.

16 அவுன்ஸ் என்றால் ஒரு கைக்கு ஏறக்குறைய 450 கிராம். 4 அவுன்ஸ் 113 கிராம். காகிதத்தில் இது வெறும் எண். அரை கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு மூன்று நிமிடம் முகத்தின் உயரத்திலேயே கையைத் தூக்கி வைத்திருந்து பாருங்கள், தோள் சொல்லும். குத்துச்சண்டையில் பாதி உழைப்பு கையை இறக்காமல் இருப்பதுதான். அப்படி உயர்த்திய கையே பெரிய கேடயமும் ஆகிவிடுகிறது. இரண்டு கிளவுஸையும் நெற்றியோரம் சேர்த்துவைத்தால் எதிராளிக்கு நம் முகத்தில் கண்ணளவு இடம்தான் தெரியும். ஜாப் என்கிற நேர்க்குத்து வந்தால் மெத்தையில் மோதி நிற்கும், ஹூக் என்கிற பக்கவாட்டுக் குத்து வந்தால் முன்கையில் படும்.

அதே காவலை 4 அவுன்ஸோடு வைத்துப் பாருங்கள். இரண்டு ஆட்டமும் கற்கிற ஒரு கல்லூரிப் பெண் எங்கள் கூடத்தில் இருக்கிறாள். ஒரு நாள் வேகம் இல்லாமல், வெறும் தொடுகையாக இதைச் செய்து பார்த்தோம். 16 அவுன்ஸில் அவள் காவலுக்குள் என் ஜாப் நுழையவே இல்லை. 4 அவுன்ஸ் மாட்டியதும் அவள் முஷ்டிகளுக்கு நடுவே இருந்த சந்தில் என் கை நேராகப் போய் மூக்கைத் தொட்டது. "அண்ணா, கை இருக்கு, ஆனா மறைக்க மாட்டேங்குதே" என்றாள். சரியாகப் பிடித்துவிட்டாள். சின்ன கிளவுஸில் மறைப்புக்கு மதிப்பு குறைவு, விலகி நிற்பதற்கும் கால் எடுத்து வைப்பதற்கும்தான் மதிப்பு. அதனால்தான் எம்.எம்.ஏ. ஆட்டக்காரர்கள் ஒரு எட்டு தள்ளி நிற்கிறார்கள். உதையும் வரும், காலைப் பிடிக்கவும் வருவார்கள் என்பதால் கையைக் கொஞ்சம் இறக்கியே வைக்கிறார்கள். பாக்ஸிங் பார்த்துப் பழகியவர் கண்ணுக்கு அது சோம்பலான நிற்பாகத் தெரியும். சோம்பல் இல்லை, கணக்கு.

விரல் திறந்திருப்பது அடுத்த பெரிய விஷயம். 16 அவுன்ஸ் போட்டால் கையால் எதையும் பிடிக்க முடியாது. எதிராளியைக் கட்டிக்கொண்டால் நடுவர் வந்து பிரித்துவிடுவார். எம்.எம்.ஏ.வில் அந்தக் கட்டிக்கொள்கிற நொடியில்தான் ஆட்டமே தொடங்குகிறது: கழுத்துப் பிடி, முழங்கால் அடி, டேக்டவுன் என்கிற தரையில் வீழ்த்தல். பின்னாலிருந்து கழுத்தைப் பூட்டுகிற பிடிக்கு, ஒரு கையை எதிராளியின் தலைக்குப் பின்னால் நுழைக்க வேண்டும். என் 4 அவுன்ஸ் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. 7 அவுன்ஸில் விரல் முட்டி மேலிருக்கிற தடித்த மெத்தை அவர் பிடரியில் இடிக்கிறது, பிடி விழ ஒரு நொடி தாமதமாகிறது. தரைப் பயிற்சி நாட்களில் நான் 7 அவுன்ஸைக் கழற்றிவிடச் சொல்வது அதனால்தான்.

கிளவுஸே ஆட்டத்தைச் சொல்லிவிடும் என்பதற்கு எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது 1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எஃப்.சி. என்ற எம்.எம்.ஏ. நிறுவனம் நடத்திய முதல் போட்டி. அதில் ஆர்ட் ஜிம்மர்சன் என்ற தொழில்முறை குத்துச்சண்டை வீரர் இடது கையில் மட்டும் பாக்ஸிங் கிளவுஸ் மாட்டி, வலது கையை வெறுமனே விட்டு இறங்கினார். எதிரில் ஹாய்ஸ் கிரேஸி, பிரேசிலின் ஜியு-ஜிட்சு (தரையில் பிடிபோடும் கலை) குடும்பத்துப் பிள்ளை. காலைப் பிடித்துத் தரையில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்தார். ஜிம்மர்சன் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிட்டார். குத்துகிற கைக்கு வேலையே வரவில்லை. அந்தக் காலத்தில் கிளவுஸ் கட்டாயம் இல்லை. 1997-இல்தான் யு.எஃப்.சி. எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

எதிர்ப்பக்கமும் பார்க்க வேண்டும். 2017 ஆகஸ்டில் லாஸ் வேகஸில் குத்துச்சண்டை வீரர் மேவெதரும் எம்.எம்.ஏ. வீரர் மெக்ரெகரும் பாக்ஸிங் விதியில் மோதியபோது கிளவுஸ்தான் முதல் சண்டை. அந்த எடைக்கு அங்கத்து நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்தின் விதிப்படி 10 அவுன்ஸ். இருவரும் கேட்டதால் ஆணையம் 8 அவுன்ஸுக்கு விலக்குக் கொடுத்தது. சின்ன கிளவுஸ் மெக்ரெகருக்கு உதவும் என்று பேசிக்கொண்டார்கள். முதல் சில சுற்றில் அவர் நன்றாகவே ஆடினார். அப்புறம் மூச்சு வாங்கியது, 10-ஆவது சுற்றில் நடுவர் நிறுத்தினார். எம்.எம்.ஏ. பட்டப் போட்டி 5 நிமிடம் வீதம் 5 சுற்று. பாக்ஸிங்கில் 3 நிமிடம் வீதம் 12 சுற்று. மொத்த நேரம் மட்டுமல்ல, அத்தனை நேரமும் கையால் மட்டுமே சமாளிக்க வேண்டும். பிடித்துத் தொங்கி ஓய்வெடுக்க வழியில்லை.

எம்.எம்.ஏ.விலிருந்து பாக்ஸிங் ரிங்குக்கு வந்த பிரான்சிஸ் என்கானுவின் கதை இன்னும் சுவை. 2023 அக்டோபரில் ரியாத்தில் குத்துச்சண்டை வீரர் டைசன் ஃபியூரியை மூன்றாவது சுற்றில் கீழே தள்ளிவிட்டு, நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் தோற்றார். எம்.எம்.ஏ. ரசிகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். 2024 மார்ச்சில் இன்னொரு குத்துச்சண்டை வீரர் அந்தோணி ஜோஷுவா இரண்டாவது சுற்றிலேயே அவரை அடித்துச் சாய்த்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எந்த ஆட்டம் பெரிது என்று கத்துவதை விட்டுவிடலாம். குத்து என்பது பொதுச் சொத்து, குத்துச்சண்டை தனிக் கலை.

சரி, பொருளுக்கு வருகிறேன்.

16 அவுன்ஸில் எனக்கு மிகவும் பிடித்தது கட்டைவிரல் தையல். கட்டைவிரல் உறை, கையோடு ஒரு சின்ன தோல் துண்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. விரல் பிசகுவது குறைகிறது, எதிராளியின் கண்ணில் நம் கட்டைவிரல் படுவதும் குறைகிறது. உள்ளங்கையில் விரல்கள் மடங்கிப் பற்ற ஒரு தண்டு போலத் தைத்திருக்கிறார்கள், முஷ்டி தானாக மூடிக்கொள்கிறது. முதல் மாதம் மெத்தை முறுக்காக இருந்தது, கையை முழுவதும் மூட முடியவில்லை. குத்துப்பை அடித்துப் பழகிய பிறகு கைக்கு ஏற்றபடி அமைந்துவிட்டது. குறை வெல்க்ரோவில்தான். ஓரம் பிரிந்து எதிராளியின் தோளைக் கீறுகிறது. நான் ஸ்பாரிங்குக்கு முன் அதன்மேல் ஒரு சுற்று டேப் ஒட்டிவிடுகிறேன். கயிறு வைத்தது மணிக்கட்டுக்கு இதைவிட நல்லது, ஆனால் கட்டிவிட இன்னொருவர் வேண்டும்.

வாங்கும்போது கையில் மாட்டி, விரல் முட்டி இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே எலும்பு தட்டுப்பட்டால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெத்தை என்பது அலங்காரம் இல்லை. 1983-இல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் லூயிஸ் ரெஸ்டோ, பில்லி காலின்ஸ் என்ற இளைஞரோடு மோதினார். ரெஸ்டோவின் கிளவுஸிலிருந்து மெத்தையை உருவியிருந்தது பிறகுதான் தெரிந்தது. காலின்ஸின் இரு கண்ணும் வீங்கி மூடின, பார்வை பாதித்தது, அதற்குப் பிறகு அவர் ரிங்கில் ஏறவே இல்லை. மறு ஆண்டு கார் விபத்தில் இறந்துபோனார். ரெஸ்டோவும் பயிற்சியாளரும் சிறைக்குப் போனார்கள். இதைப் படித்த பிறகு எங்கள் கூடத்தில் கிழிந்த, மெத்தை ஒதுங்கிய கிளவுஸை யாரும் ஸ்பாரிங்குக்குத் தொட நான் விடுவதில்லை.

7 அவுன்ஸ் எம்.எம்.ஏ. ஸ்பாரிங் கிளவுஸ் நடுத்தரம். உள்ளங்கை திறந்திருப்பதால் சீக்கிரம் காய்கிறது, அது பெரிய நிம்மதி. ஆனால் பிடித்து இழுத்துப் புரள்கிற ஆட்டம் ஆயிற்றே, மெத்தை முட்டியிலிருந்து விரல் பக்கம் நழுவிவிடுகிறது. சுற்றின் கடைசியில் குத்தினால் வெறும் முட்டி படுகிறது. கட்டைவிரல் வளையத்துத் தையலும் விட்டுவிட்டது, பக்கத்துச் செருப்புக் கடையில் கொடுத்துத் தைத்துக்கொண்டேன். கிளவுஸுக்குள் கையில் சுற்றுகிற கைப்பட்டையும் இதற்கு நீளமானது ஆகாது. பாக்ஸிங்குக்கு 180 அங்குலப் பட்டை சுற்றுகிறேன், இதற்குள் அது நுழையாது, 108 அங்குலம் போதும்.

4 அவுன்ஸ் அழகான பொருள், மரியாதையோடு தொட வேண்டிய பொருள். விரல் நீட்டியிருந்தால் எதிராளியின் கண்ணில் படும் என்பது இதன் பிறவிக் குறை. யு.எஃப்.சி.யே 2024 ஜூனில் புது வடிவம் கொண்டுவந்து, அதே ஆண்டு நவம்பரில் பழையதற்குத் திரும்பிவிட்டது. அத்தனை பணமும் ஆளும் இருக்கிற இடத்திலேயே தீராத சிக்கல் இது. பயிற்சியில் இதைப் போட்டு முகத்தில் குத்தவே கூடாது. குத்துப்பைக்கும், பயிற்சியாளர் கையில் பிடிக்கிற பேடுக்கும் மட்டும்.

பெற்றோர்கள் கேட்பது வேறு கேள்வி: எதில் ஆபத்து குறைவு? ரத்தத்தைப் பார்த்து எம்.எம்.ஏ.தான் கொடூரம் என்று முடிவுகட்டுகிறார்கள். கனடாவின் எட்மன்டனில் போட்டி முடிந்தபின் நடந்த மருத்துவப் பரிசோதனைகளைப் பத்தாண்டுக்குத் தொகுத்து ஆல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். ஏதாவது காயம் பட்டவர்கள் எம்.எம்.ஏ.வில் 59.4 சதவீதம், பாக்ஸிங்கில் 49.8. ஆனால் நினைவு தப்பியவர்கள் பாக்ஸிங்கில் 7.1 சதவீதம், எம்.எம்.ஏ.வில் 4.2. சின்ன கிளவுஸ் தோலைக் கிழிக்கிறது, மூட்டுப் பிடிகள் கைகாலைப் படுத்துகின்றன. பெரிய கிளவுஸ் அடிக்கிறவரின் கையைக் காப்பாற்றுகிறது. கை வலிக்காததால் தலையில் இன்னும் பல அடி விழுகிறது. விழுந்தவர் 10 எண்ணுவதற்குள் எழுந்துவிட்டால் மறுபடி அடி வாங்கலாம். எம்.எம்.ஏ.வில் தரையில் விழுந்தவரையும் அடிக்கலாம், பார்க்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் பல ஆட்டம் அதோடு முடிந்துவிடும், அல்லது தட்டிவிட்டு எழுந்து போகலாம். 1982-இல் தென்கொரியக் குத்துச்சண்டை வீரர் கிம் டுக்-கூ 14-ஆவது சுற்றில் விழுந்து சில நாளில் இறந்த பிறகுதான் பாக்ஸிங் பட்டப் போட்டிகள் 15 சுற்றிலிருந்து 12-க்கு இறங்கின. மெத்தை தடிமனாக இருப்பதால் மூளைக்கு ஆபத்தில்லை என்று எந்தப் பெற்றோரும் நினைத்துவிட வேண்டாம். எந்த ஆட்டம் என்பதைவிட, வாரத்தில் எத்தனை நாள் தலையில் அடி வாங்க விடுகிறார்கள் என்று மாஸ்டரிடம் கேளுங்கள். எங்கள் மாஸ்டர் சிறுவர்களுக்குத் தலைக்குத் தொடுகை மட்டும்தான் அனுமதிப்பார். இந்தக் கூடத்தை நான் விடாமல் இருப்பதற்கு அதுவே காரணம்.

பராமரிப்புக்கு ஒரு வார்த்தை. நம் ஊர்ப் புழுக்கத்தில் 16 அவுன்ஸின் உள்துணி தானாகக் காயவே காயாது. பையிலேயே போட்டுவைத்தால் நான்கு நாளில் நாற்றம், மழைக்காலத்தில் பூஞ்சை. வீட்டுக்கு வந்ததும் கசக்கிய செய்தித்தாளை உள்ளே திணித்து, வாயை விரித்து, ஃபேனுக்குக் கீழே வையுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும்.

யாருக்கு எது என்றால், இரண்டில் எதில் சேர்ந்தாலும் முதலில் 16 அவுன்ஸ் பாக்ஸிங் கிளவுஸ். 50 கிலோவுக்குக் கீழே இருக்கிற பிள்ளைகளுக்கு 12 அல்லது 14 போதும். எம்.எம்.ஏ. பிள்ளைகளும் நின்று குத்துகிற ஸ்பாரிங்குக்கு இதைத்தான் போடுகிறார்கள், எதிரில் நிற்பவர் நாளையும் வர வேண்டும் அல்லவா. கையில் காசு குறைவென்றால் ரெக்சினில் வாங்கலாம், ஒரு வருடம் ஓடும். வாரம் நான்கு நாள் பயிற்சி என்றால் தோலே லாபம். குத்தும் பிடியும் கலந்து பழக ஆரம்பித்த பிறகு 7 அவுன்ஸ். 4 அவுன்ஸைப் போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு யோசிக்கலாம். பல இடங்களில் போட்டி நடத்துகிறவர்களே தந்துவிடுகிறார்கள், முதலில் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.