அணில் கூண்டுக்குப் பணம் வாங்கிக்கொண்டு பூட்டைக் காட்டினார்கள்: இங்கிலாந்தில் விலங்குப் பூங்காவுக்கு முன்பதிவு செய்வோர் கவனத்திற்கு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை விலங்குப் பூங்காவுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் நம்மவர்கள், முக்கியமாக இணையத்தில் முன்கூட்டியே பணம் கட்டுகிறவர்கள், இதைப் படித்துவிட்டுக் கட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் போனது தென் இங்கிலாந்தில் உள்ள ஓர் இடம். சிங்கம், யானை எதுவும் அங்கே கிடையாது. நரி, நீர்நாய், பேட்ஜர், முள்ளெலி, ஆந்தைகள், ஸ்காட்லாந்துக் காட்டுப்பூனை என்று இந்நாட்டு மண்ணுக்கே உரிய விலங்குகளை மட்டும் வைத்திருக்கிறார்கள். புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே முறையில் சீட்டு விற்கும் எந்த இடத்திற்கும் கீழே சொல்பவை பொருந்தும்.

அந்த இடத்தின் விளம்பரத்தில் பெரிதாகக் காட்டப்படுவது, பார்வையாளர்கள் உள்ளே நடந்து செல்லக்கூடிய சிவப்பு அணில் கூண்டு. அதற்குத் தனிக் கட்டணம் கேட்டாலும் மக்கள் ஏன் தயங்காமல் கொடுக்கிறார்கள் என்பதற்குக் காரணம் இருக்கிறது. லண்டன் பூங்காக்களிலும் நம் வீட்டுத் தோட்டத்திலும் அன்றாடம் ஓடித்திரிவது சாம்பல் அணில். அது 1870களிலிருந்து வட அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. இந்நாட்டின் சொந்த அணிலான சிவப்பு அணில், சாம்பல் அணிலோடு இரைக்குப் போட்டியிட்டுத் தோற்றதோடு, அது சுமந்து வந்த அணில் அம்மை வைரசாலும் கூட்டம் கூட்டமாக மடிந்தது. அந்த வைரஸ் சாம்பல் அணிலைப் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. சிவப்பு அணிலைக் கொன்றுவிடுகிறது. இன்று தென் இங்கிலாந்தில் அது இயற்கையாக வாழ்வது வைட் தீவிலும், பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சி போன்ற சிறு தீவுகளிலும்தான். ஆகவே லண்டனிலிருந்து காரில் போய்வரும் தொலைவில் அதை அருகில் நின்று பார்க்கலாம் என்றால், பிள்ளைகள் உள்ள எந்த வீட்டிலும் ஆசை வரத்தான் செய்யும். அந்த ஆசையை வைத்துத்தான் வியாபாரம் நடக்கிறது.

முன்பதிவுப் பக்கத்தில் நுழைவுக் கட்டணம் ஒன்று பெரிய எழுத்தில் இருந்தது. அதற்குமேல், அணில் கூண்டுக்குள் சென்று உணவளிக்கும் அனுபவம் என்று ஆளுக்கு ஆறு பவுண்டு கூடுதல் சீட்டு. அதில் நாளும் நேரமும் குறிப்பிட்டே விற்றார்கள். கடைசித் திரையில் பணம் கட்டும் இடத்துக்கு வந்த பிறகுதான் முன்பதிவுக் கட்டணம் என்று இன்னொன்று ஏறியது. அதன் கீழே, இனப் பாதுகாப்பு நன்கொடை என்ற கட்டத்தில் ஏற்கெனவே சரிக்குறி போட்டு வைக்கப்பட்டிருந்தது. பிறகு தேடிப் பார்த்தபோது, அந்த இடம் அறக்கட்டளை ஆணையத்தின் பதிவேட்டில் இல்லாத ஒரு தனியார் நிறுவனம் என்று தெரிந்தது. அறக்கட்டளையாக இருந்தால், வரி கட்டுபவர் கொடுக்கும் ஒவ்வொரு பவுண்டுக்கும் கிஃப்ட் எய்டு மூலம் 25 பென்ஸ் அரசிடமிருந்து பெற்றுக்கொள்ளலாம். தனியார் நிறுவனத்துக்கு அந்த வழி கிடையாது. எனவே கிஃப்ட் எய்டு பற்றிப் பேச்சே இல்லாத இடத்தில் நன்கொடை கேட்கப்பட்டால், அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று ஒரு முறை யோசியுங்கள்.

வாயிலில் எங்கள் சீட்டுகளை ஸ்கேன் செய்து, அணில் கூண்டுக்கான காகித வளையத்தைக் கையில் மாட்டி, வழியும் காட்டினார்கள். கூண்டுக்குப் போய்ச் சேர்ந்தால் வெளிக்கதவில் பூட்டு தொங்கியது. அதன்மேல், பராமரிப்புக்காக மூடப்பட்டுள்ளது என்று பிளாஸ்டிக் உறையிட்ட ஒரு தாள். மழையும் வெயிலும் பட்டு அதன் எழுத்து வெளிறி, ஓரத்தில் பாசி பிடித்திருந்தது. இத்தகைய கூண்டுகளில் அணில் தப்பாமல் இருக்க ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு கதவுகளும், வெளியிலிருந்து நோய் ஒட்டி வராமல் இருக்கக் காலணியைத் துடைக்கும் கிருமிநாசினி விரிப்பும் வைப்பது வழக்கம். இங்கே இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த விரிப்பு காய்ந்து மடங்கிக் கிடந்தது. வலை வழியாகப் பார்த்தால், அணில் மூடியைத் தூக்கி எடுத்துத் தின்னும் மர உணவுப்பெட்டிகள் வெறுமையாகவும், சில மூடி உடைந்தும் தெரிந்தன. அண்ணன் மகன் வலையில் முகத்தை வைத்தபடி, "சித்தப்பா, உள்ளே ஒண்ணுமே ஓடலையே" என்றான். பக்கத்தில் முள்ளெலிக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த தன்னார்வலர் ஒருவர், அணில்களை வேறு இடத்துக்கு மாற்றி வாரக்கணக்கில் ஆகிறது என்று சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது அந்த இடத்தில்தான். கூண்டு அன்று காலையில் பழுதாகியிருந்தால் யாரும் குறை சொல்ல முடியாது. மூடியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே, எங்களிடம் நேரம் குறித்துச் சீட்டு விற்றிருக்கிறார்கள்.

கடைக் கவுண்டரில் கேட்டபோது கிடைத்த பதிலை அப்படியே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் இதைத்தான் சொல்வார்கள்: "இவை உயிருள்ள விலங்குகள், கண்ணில் படும் என்று நாங்கள் உத்தரவாதம் தருவதில்லை, விதிமுறைகளில் எழுதியிருக்கிறது." விலங்கு கண்ணில் படாமல் போவது வேறு, கூண்டையே பூட்டி வைப்பது வேறு. முதலாவது நியாயமான நிபந்தனை. கோடை நாட்களில் சிவப்பு அணில் காலையிலும் மாலையிலும் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு நண்பகலில் ஓய்வெடுக்கும், உள்ளே போய் நின்றும் ஒன்றையும் பார்க்காமல் திரும்பியிருந்தால் நான் வாய் திறந்திருக்க மாட்டேன். திரையரங்கைப் பூட்டிவிட்டு, படம் உங்களுக்குப் பிடித்துப்போகும் என்று உத்தரவாதம் தரவில்லையே என்று சொல்வது போன்றது இரண்டாவது. இதற்கு ஈடாக, வார நாட்களில் மட்டும் செல்லும் ஒரு மறுவருகைச் சீட்டைத் தர முன்வந்தார்கள், நான் வாங்கவில்லை. இத்தனைக்கும் அதே கவுண்டரில் அணில் உணவு என்று ஒட்டிய பொட்டலங்கள் விற்பனைக்கு இருந்தன. உள்ளே முழுக்க வேர்க்கடலை. சுண்ணாம்புச் சத்து குறைந்த வேர்க்கடலையை மட்டுமே தின்று வளரும் அணிலுக்கு எலும்பு நலிந்துபோகும் என்பதால், கவனமாக வளர்ப்பவர்கள் ஹேசல் கொட்டை, பைன் விதை போன்றவற்றோடு, கொறிக்க உதிர்ந்த மான் கொம்பும் போட்டு வைப்பார்கள்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் எந்தச் சட்டம் என்று நாமே எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, ஒரு சேவையைப் பற்றி விற்பவர் சொன்னதோ எழுதியதோ நம்மை வாங்க வைத்திருந்தால் அது ஒப்பந்தத்தின் பகுதியாகிவிடும். அதன்படி சேவை கிடைக்காவிட்டால் விலைக் குறைப்புக் கேட்கலாம். முன்கூட்டியே சரிக்குறி போட்ட கட்டத்தின் வழியாக வாங்கிய கூடுதல் தொகையைத் திரும்பப் பெறும் உரிமை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த விதிகளிலேயே இருக்கிறது. தவிர்க்க முடியாத முன்பதிவுக் கட்டணத்தை முதலில் காட்டும் விலையிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்பது 2025 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் உள்ளது. அவர்கள் மின்னஞ்சலில், நாள் குறித்த பொழுதுபோக்குச் சீட்டுகளுக்கு 14 நாள் ரத்து உரிமை கிடையாது என்று எழுதினார்கள். அது உண்மைதான், ஆனால் அது நாம் மனம் மாறி வேண்டாம் என்று சொல்வதற்கான உரிமை. விற்றதை அவர்கள் கொடுக்காததற்கும் அதற்கும் தொடர்பே இல்லை. இந்தப் பதிலைக் கண்டு பலர் விலகிவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

நான் வங்கியிடம் டெபிட் கார்டு சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கி வழியாகத் திரும்பப் பெறும் முறை, கேட்டேன். பூட்டிய கதவின் படம், வெளிறிய தாளின் படம், நேரம் அச்சிட்ட சீட்டு ஆகியவற்றை இணைத்ததால் கூடுதல் சீட்டுக்கான பணமும் நன்கொடையும் திரும்பி வந்தன. சீட்டின் விலை 100 பவுண்டுக்கு மேல் இருந்து கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை நிறுவனமும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டியிருக்கும். இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் நுகர்வோர் உதவி எண்ணிலும் தெரிவித்தேன். வணிகத் தரக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தகவல் அந்த வழியாகத்தான் போகும், ஆனால் அவர்கள் தனிமனிதரின் பணத்தை மீட்டுத் தருவதில்லை.

பணம் கட்டும் முன், நீங்கள் போகும் நாளில் அணில் கூண்டு திறந்திருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். குட்டி ஈனும் காலம், நோய்த் தடுப்பு என்று நல்ல இடங்களும் கூண்டை மூடுவதுண்டு. அவை அதை முன்பதிவுப் பக்கத்திலேயே அறிவித்துவிடும். விளம்பரப் படத்தில் காதில் நீண்ட மயிர்க்கொத்து இருந்தால் அது குளிர்காலத்தில் எடுத்தது என்று புரிந்துகொள்ளுங்கள். கோடையில் அது உதிர்ந்துவிடும், ஆகவே ஆகஸ்ட் மாதத்தில் அந்தப் படத்தை எதிர்பார்த்துப் போக வேண்டாம். ஆண்டில் ஏழு நாள் அல்லது அதற்குமேல் மக்களுக்கு விலங்குகளைக் காட்டும் இடம், 1981ஆம் ஆண்டின் விலங்குக்காட்சிச் சாலை உரிமச் சட்டப்படி உள்ளூர் மன்றத்திடம் உரிமம் பெற்று, அதை நுழைவாயிலில் மக்கள் பார்வையில் வைக்க வேண்டும். அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டால், விலங்கு நலன் குறித்த புகாரை எந்த மன்றத்துக்கு அனுப்புவது என்று தேட வேண்டியிருக்காது.

சிவப்பு அணிலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால், வைட் தீவின் பார்க்ஹர்ஸ்ட் காட்டில் மறைந்திருந்து பார்க்க மரக்குடில் இருக்கிறது. பூல் துறையிலிருந்து படகேறிப் பிரவுன்சிக்கும் போகலாம். அங்கும் அணில் வரும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள், அதற்கென்று தனிக் காசும் கேட்க மாட்டார்கள்.

நுழைவுக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும்படி நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. அணில் கூண்டுக்கான கூடுதல் சீட்டு அவர்கள் பக்கத்தில் இன்றும் விற்பனையில்தான் இருக்கிறது. கூண்டு திறந்துவிட்டதா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, வந்தால் அன்றைக்குத் தெரியும் என்று சொல்லி வைத்துவிட்டார்கள்.