தீங்குநிரலைத் தேட எந்த வழி: விதிகளா, சாண்ட்பாக்ஸா, இயந்திரக் கற்றலா?

ஜாவாஸ்கிரிப்டுக்கான என்பிஎம், பைத்தானுக்கான பைபிஐ ஆகிய பொதுக் களஞ்சியங்கள் இரண்டிலும் யார் வேண்டுமானாலும் பேக்கேஜ் (மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஏற்றலாம். தீங்குநிரல் உள்ளே நுழைவதும் அதே வாசல் வழியாகத்தான். அதைப் பிடிக்கும் வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இயந்திரக் கற்றல், அதாவது பழைய உதாரணங்களைப் பார்த்துக் கணினியே அடையாளம் கற்பது. ஆனால் அதை மட்டும் தனியாக நிறுத்தினால் தாங்காது.

விதிகளை வைத்துத் தேடுவது எளிய வழி. டேட்டாடாக் நிறுவனத்தின் கார்ட்டாக் அப்படிப்பட்டது. பேஸ்64 என்ற எழுத்துக் குறியீட்டில் மறைத்த நிரலை விரித்து ஓடவிடும் வரி, பிரபலமான பெயரை ஓரெழுத்து மாற்றி வைத்த பேக்கேஜ் போன்றவற்றைக் காரணத்தோடு காட்டும். விதிகள் பொதுவெளியில் இருப்பதால் எதிராளியும் படித்துவிட்டு ஒதுங்கிப் போகலாம்.

சாண்ட்பாக்ஸ் என்ற தனிக் கூண்டு, பாதிப்பு வெளியே போகாதபடி நிரலை ஓட்டியே பார்க்கிறது. திறமூல மென்பொருள் பாதுகாப்புக்கான ஓப்பன்எஸ்எஸ்எஃப் அமைப்பின் பேக்கேஜ் அனாலிசிஸ் என்ற கருவி, 2022-இல் ஒரு மாத ஓட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட தீய பேக்கேஜ்களைக் கண்டது. சரி, நிரல் தன் இரை வரும்வரை காத்திருந்தால்? 2018-இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற என்பிஎம் பேக்கேஜ் வழியாக வந்த நிரல், கோபே பிட்காயின் வாலட்டின் விவரக் குறிப்பையே பூட்டைத் திறக்கும் சாவியாக வைத்திருந்தது. வேறெங்கு ஓட்டினாலும் அது வாய் திறக்காது.

இயந்திரக் கற்றலுக்கு நல்ல உதாரணம் 2022-இல் வெளிவந்த அமால்ஃபி ஆய்வு. புதிய பதிப்பு முந்தைய பதிப்பிலிருந்து எப்படி மாறியிருக்கிறது என்று அது பார்க்கிறது: திடீரென நெட்வொர்க்கைத் தொடுகிறதா, நிறுவும்போதே ஓடும் ஸ்கிரிப்ட் சேர்ந்திருக்கிறதா? ஒரு வாரத்தில் என்பிஎம்மில் வந்த 96,287 பதிப்புகளை அலசி, அதுவரை யாரும் அறியாத 95 தீய பதிப்புகளைப் பிடித்தது. ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை! நூற்றுக்கு ஒன்று தவறாகச் சொன்னாலே 960-க்கும் மேற்பட்ட பொய் எச்சரிக்கைகள். அத்தனையையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படிக்க வேண்டும். அதனால்தான் அமால்ஃபி, மூல நிரலிலிருந்து பேக்கேஜை மறுபடி கட்டி, அச்சாக அப்படியே வந்தால் பட்டியலிலிருந்து நீக்குகிறது. எனக்கு மிகவும் பிடித்தது இந்தப் படிதான். இப்படிக் கற்ற மாதிரி (மாடல்) எவ்வளவு கெட்டிக்காரத்தனமானது என்பதைவிட, பார்ப்பவரின் நேரத்தை எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதே முக்கியம்.

2024-இல் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருளில் சிக்கிய பின்கதவு (ரகசிய நுழைவழி) வேறு ரகம். பாதி சோதனைக் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது. அதை இயக்கிவிடும் வரி வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் முறை) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் துருவியதால்தான் வெளியே வந்தது. நிறுவும்போதே திருடும் பேக்கேஜ்களைப் பார்த்துக் கற்ற மாதிரியிடம் இதை எதிர்பார்க்க முடியாது.

சிறிய குழு என்றால் கார்ட்டாக்கைத் தங்கள் சிஐ-யில் (நிரல் மாறும்போதெல்லாம் தானாக ஓடும் சோதனை அமைப்பில்) சேர்த்தால் போதும். அமால்ஃபி போன்ற மாதிரிக்கு ஓயாத பயிற்சியும், எச்சரிக்கைகளைப் படிக்க ஆளும் வேண்டும். அந்தச் செலவைக் களஞ்சியங்களை நடத்துபவர்கள்தான் ஏற்க வேண்டும்.